போகாத ஊரின் பாட்டு நமக்கு எப்படித் தெரியும்?

உப்புவெளியில் எங்கள் ஒழுங்கைக்குள் காலை ஆறரைக்கெல்லாம், மெட்டுப் போட்டபடி பேக்கரிப் பாண் விற்கும் சூன் பாண் ஆட்டோ வந்துவிடும். ஆட்டோ கண்ணில் படுவதற்கு முன்பே, இரண்டு தெரு தள்ளி வரும்போதே அதன் மெட்டு வீட்டுக்குள் நுழைந்துவிடும். அது என்ன பாட்டு என்று சின்னப் பிள்ளைகளிடம் கேட்டால் "பாண் பாட்டு" என்பார்கள். பேத்தோவன் 1810இல் பியானோவுக்காக எழுதிய சின்ன உருப்படி அது. பெயர் 'ஃபியூர் எலிஸ்'. அவர் 1827இல் இறந்தார். அது அச்சுக்கு வந்தது 1867இல்தான். ஜெர்மனியில் பிறந்து வியன்னாவில் வாழ்ந்த ஒருவரின் மெட்டைக் கேட்டதும் திருகோணமலையில் ஒரு பிள்ளைக்கு மீன் வைத்த மாலுப்பாணின் வாசம் ஞாபகம் வருகிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், போன மாதம் என் அண்ணன் மகள் ஒரு கேள்வி கேட்டாள். ரொறன்ரோவில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட அக்கா, புளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவுக்குப் போய், பொம்மைகளுக்கு நடுவே படகில் போகும்போது எடுத்த காணொளியை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தாள். பின்னால் பிள்ளைகளின் குரலில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. இவள் ஒரு வாரமாக அதையே முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "மாமி, இந்தப் பாட்டை நான் இதுக்கு முதலே கேட்டிருக்கிறன். அங்க நான் போனதே இல்லை. பிறகெப்படி எனக்குத் தெரியும்?" என்றாள்.

நான் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவள். பாட்டு எப்படி மனதில் நிற்கிறது என்பதுதான் என் அன்றாட வேலை. ஆனாலும் இந்தக் கேள்விக்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோதுதான் அது இரண்டு கேள்வி என்று புரிந்தது. ஒரு பாட்டு ஏன் காதில் ஒட்டுகிறது என்பது ஒன்று. அது ஏன் ஊர் உலகமெல்லாம் தெரிந்த பாட்டாகிறது என்பது இன்னொன்று. நாம் இரண்டையும் ஒன்றாக்கி, "மெட்டு நல்லா இருக்கு, அதனால பரவிச்சு" என்று சொல்லிவிடுகிறோம். மெட்டு நன்றாக இருந்தால் பாட்டு ஒட்டும். அது பரவுவதற்கு வேறு ஆட்கள் வேண்டும்.

முதலில் அந்தப் படகுப் பாட்டின் கதை

'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' என்பது அந்தப் பாட்டின் பெயர். 'உலகம் சின்னதுதான்' என்று வைத்துக்கொள்ளலாம். 1964இல் நியூயோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சிக்காக, பெப்சி நிறுவனத்தின் மண்டபத்தில், யுனிசெஃபைச் சிறப்பிக்கும் விதமாக டிஸ்னி நிறுவனம் ஒரு படகுச் சவாரி அமைத்தது. பல நாட்டுப் பிள்ளைகளைப்போலச் செய்த பொம்மைகள், அவற்றின் நடுவே ஓடும் தண்ணீர், அதில் மெல்ல நகரும் படகு. ஒவ்வொரு நாட்டுப் பொம்மையும் தன் தேசிய கீதத்தைப் பாடட்டும் என்றுதான் முதலில் நினைத்தார்கள். பாட வைத்துப் பார்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று மோதி வெறும் இரைச்சலாகக் கேட்டது. கோயில் திருவிழாவில் நான்கு ஒலிபெருக்கியில் நான்கு பாட்டுப் போட்டால் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும்.

அப்போதுதான் வால்ட் டிஸ்னி, ரொபர்ட் ஷெர்மன், ரிச்சர்ட் ஷெர்மன் என்ற சகோதரர்களைக் கூப்பிட்டு, எல்லா மொழியிலும் பாடக்கூடிய எளிய பாட்டு ஒன்று வேண்டும் என்று கேட்டார். அவர்கள் முதலில் அதை மெதுவாகப் பாடிக் காட்டினார்கள். இன்னும் கலகலப்பாக வேண்டும் என்றதும் வேகத்தைக் கூட்டினார்கள். இன்று நாம் கேட்பது அந்த வேகமான வடிவம்.

அந்தச் சகோதரர்களின் கெட்டித்தனம் எங்கே இருக்கிறது என்றால், பாட்டின் பல்லவியையும் சரணத்தையும் ஒரே நேரத்தில் பாடலாம். இரண்டும் முட்டிக்கொள்ளாது. மெட்டு வேறு வேறு, ஆனால் அடியில் சேர்ந்து ஒலிக்கும் சுரக் கூட்டம் ஒன்றுதான். ஒரு அறையில் பல்லவியும் அடுத்த அறையில் சரணமும் கேட்டாலும், இரண்டுக்கும் நடுவில் நிற்கும் படகில் இருப்பவருக்கு அது இனிமையாகவே இருக்கும். தேசிய கீதங்களால் முடியாமல் போனது இதனால் முடிந்தது.

இன்னும் ஒன்று. படகுச் சவாரிக்குத் தொடக்கம் கிடையாது. ஒரு படகு ஏறும்போது இன்னொன்று பாதி வழியில் இருக்கும், மற்றொன்று கரை சேர்ந்துகொண்டிருக்கும். ஆகவே பாட்டுக்கும் தொடக்கம் முடிவு இருக்கக் கூடாது. எந்த இடத்தில் காதில் விழுந்தாலும் "ஓ, இதுதானா" என்று சேர்ந்துகொள்ள வேண்டும். மேடைக் கச்சேரிப் பாட்டுக்கும் சவாரிப் பாட்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று எனக்குப் படுகிறது.

இது நமக்குப் புதிதில்லை. நிலாவெளிப் பக்கமும் சல்லிக் கரையிலும் கரைவலை இழுத்த காலத்தின் அம்பாப் பாட்டை நினைத்துப் பாருங்கள். ஒருவர் ஒரு அடி எடுத்துக் கொடுக்க, கயிற்றைப் பிடித்திருக்கும் எல்லோரும் "ஏலேலோ" என்று திருப்பிச் சொல்வார்கள். வலை கரைக்கு வரும்வரை பாட்டு இருக்கும். அதற்கு முன் முடியாது. நடுவில் ஓடி வந்து கயிற்றைப் பிடிப்பவரும் அடுத்த "ஏலேலோ"விலேயே சேர்ந்துகொள்வார். இப்போது பல இடங்களில் உழவு இயந்திரம் வலையை இழுக்கிறது, அதனால் பாட்டும் குறைந்துவிட்டது. அது எனக்கு வருத்தம்தான். அந்தப் பாட்டை உயிரோடு வைத்திருந்தது அந்த வேலை.

ஏன் ஒட்டுகிறது

பாட்டு கற்கும் பிள்ளைகளுக்கு நான் சுரம் சொல்லிக் காட்டினால் உடனே பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படகுப் பாட்டின் பல்லவியைச் சுரமாக்கினால் முதல் அடி ஸ ஸ க ஸ ரி ரி ரி. அடுத்த அடி ரி ரி ம ரி க க க. அதற்கடுத்தது க க ப க ம ம ம. அதே அச்சு, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே. மூன்று அடிக்கும் சொல்லும் ஒன்றுதான். சங்கீதம் தொடங்கும் பிள்ளைக்கு ஜண்டை வரிசையும் அலங்காரமும் சொல்லிக்கொடுப்பதும் இப்படித்தான்: ஒரு கோலத்தைக் காட்டி, அதை ஸவில், பிறகு ரியில், பிறகு கவில் என்று நகர்த்துவது. முதல் அடியைக் கேட்ட காது இரண்டாம் அடியைத் தானே ஊகித்துவிடுகிறது. ஊகம் சரியாக வரும்போது ஒரு சின்னச் சந்தோசம் வருகிறது. நான்காம் அடியில் ஏறியது இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

நம்மைக் கேட்காமலே மண்டைக்குள் சுற்றும் பாட்டுக்கு ஜெர்மன் மொழியில் 'காதுப் புழு' என்று பெயர். பாடல் ஏன் இப்படிச் சுற்றுகிறது என்று கெல்லி யாகுபோவ்ஸ்கியும் அவருடன் வேலை செய்தவர்களும் சுமார் 3000 பேரிடம் கேட்டுத் திரட்டி 2016இல் வெளியிட்டார்கள். அடிக்கடி ஒட்டுவதாகச் சொல்லப்பட்ட பாட்டுகள் கொஞ்சம் வேகமாக இருந்தன. மெட்டின் ஏற்ற இறக்கம் பிள்ளைப் பாட்டுகளில் வருவதுபோல, முதலில் ஏறி பிறகு இறங்கும் பழகிய பாதையில் போயிற்று. ஆனால் எங்காவது ஓரிடத்தில் எதிர்பாராத ஒரு தாவலோ, வழக்கத்தை விட அதிகமாகத் திரும்பிவரும் ஒரு சுரமோ இருந்தது. அதாவது முக்கால்வாசி தெரிந்த வழி, கொஞ்சம் புதுசு. முழுவதும் தெரிந்தால் காது கவனிக்காது. முழுவதும் புதுசாக இருந்தால் திருப்பிப் பாட வராது.

பாண் பாட்டை எடுங்கள். ஒரு சுரமும் அதற்குக் கீழே ஒட்டியிருக்கும் அரைச்சுரமும் மாறி மாறி வரும். ஊஞ்சல் முன்னும் பின்னும் போவதுபோல. அப்புறம் திடீரென்று ஒரு தாவல், பிறகு இறக்கம். நான் மேலே சொன்ன இரண்டும் அதில் இருக்கின்றன.

சரி, ஒட்டியதை எப்படி எடுப்பது? 2015இல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் பிலிப் பீமனும் அவருடன் இருந்தவர்களும் செய்த சோதனையில், சூயிங்கம் மென்றவர்களுக்குப் பாட்டு மனதில் சுற்றுவது குறைந்தது. நாம் ஒன்றை மனதுக்குள் பாடும்போது நாக்கும் தாடையும் பேசுவதற்குத் தயாராவதைப்போலவே இருக்கின்றன. அவற்றுக்கு வேறு வேலை கொடுத்தால் பாட்டுக்கு இடம் போய்விடுகிறது என்பது விளக்கம். என் வகுப்பில் நான் வேறொன்று செய்வேன். பாதியில் நிற்கும் பாட்டை முழுவதும் ஒரு தடவை பாடி முடிக்கச் சொல்வேன். சில பிள்ளைகளுக்கு அது வேலை செய்கிறது.

இடம்தான் பாதிப் பாட்டு

மெட்டின் அமைப்பு ஒரு பங்கு என்றால், அது ஒலிக்கும் இடம் பெரிய பங்கு. அந்தப் படகுச் சவாரி பத்து நிமிடத்துக்கு மேல் போகும். பாட்டின் ஒரு சுற்று அரை நிமிடம் என்று வைத்துக்கொண்டால், கரை சேரும்போது இருபது தடவை கேட்டிருப்பீர்கள். வீட்டில் ஒரே பாட்டை இருபது தடவை போட்டால் பக்கத்து வீட்டார் வந்துவிடுவார்கள். படகில் அது உறைப்பதில்லை. ஒவ்வொரு வளைவிலும் வேறு நாட்டுப் பொம்மை, வேறு உடுப்பு, வேறு வாத்தியம், வேறு மொழி. கண்ணுக்கு எல்லாம் மாறுகிறது, காதுக்கு மெட்டு ஒன்றுதான். மனம் கண்ணின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்போது மெட்டு சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ரொபர்ட் ஸயொன்ஸ் 1968இல் ஒரு ஆய்வு வெளியிட்டார். அர்த்தம் தெரியாத சொற்களையும் எழுத்துகளையும் ஆட்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். எதை அதிகம் பார்த்தார்களோ அதை நல்லதாக நினைத்தார்கள். வேறு காரணம் எதுவும் இல்லை, பழகியதுதான் காரணம். பூங்காவில் அந்தப் பழக்கத்தோடு சந்தோசமும் சேர்கிறது. அம்மா அப்பா பக்கத்தில் இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் இல்லை, கையில் ஐஸ்கிறீம். பாட்டு அந்த நாளோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. இருபது வருடம் கழித்து மெட்டைக் கேட்டால் அந்த நாள் வருகிறது.

எனக்கும் அப்படி ஒன்று உண்டு. சின்ன வயதில் எங்கள் ஊருக்கு வந்த கார்னிவேலில் ராட்டினம் சுற்றும்போது போட்ட மெட்டை இன்றைக்குக் கேட்டாலும் வயிறு ஒருமுறை மேலே போய்க் கீழே வருகிறது. அந்தப் பாட்டின் பெயர்கூட எனக்குத் தெரியாது. ராட்டினத்தின் உச்சியில் இருந்து பார்த்தபோது தெரிந்த உட்துறைமுகத்து வெளிச்சம் மட்டும் தெரியும்.

ஆனால் அந்த ராட்டினப் பாட்டு உலகத்துக்குத் தெரியவில்லை. எனக்கு ஒட்டியது, அவ்வளவுதான். இங்கேதான் என் மருமகளின் கேள்வி வருகிறது.

சுமந்து போனவர்கள்

ஒரு பூங்காவுக்கு எத்தனை பேர் போக முடியும்? உலகத்தில் பெரும்பாலானவர்கள் அந்தப் படகில் ஏறியதே இல்லை. பாட்டு வெளியே வந்ததற்குக் காரணம், அதை வெளியே தூக்கி வந்தவர்கள்.

முதலாவது, சவாரியே ஊர் ஊராகப் போனது. நியூயோர்க் கண்காட்சி 1965இல் முடிந்ததும் அதை எடுத்துக் கலிபோர்னியாவில் 1966இல் வைத்தார்கள். 1971இல் புளோரிடாவிலும், 1983இல் டோக்கியோவிலும், 1992இல் பாரிஸிலும், 2008இல் ஹொங்கொங்கிலும் புதிதாகக் கட்டினார்கள். ஒரே பாட்டு தலைமுறை தலைமுறையாகப் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. தான் சின்ன வயதில் ஏறிய படகில் தன் பிள்ளையை ஏற்றும் அப்பா அந்தப் பாட்டைச் சேர்ந்து பாடுவார். பிள்ளைக்கு அதுவே போதும். இசைத்தட்டு, தொலைக்காட்சி, சாவி கொடுத்தால் பாடும் பெட்டி எல்லாம் இதற்கு மேல் வந்தவை. 1964ஆம் ஆண்டு ஒலிப்பதிவை 2022இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளில் ஒன்றாகச் சேர்த்தது. என் மருமகள் அதை முதலில் கேட்டது ஏதோ ஒரு விளையாட்டுப் பொம்மையிலாக இருக்கும்.

கடற்கொள்ளையர் சவாரியின் பாட்டு இன்னொரு வழியாக வந்தது. 1967இல் கலிபோர்னியாவில் திறந்த அந்தச் சவாரிக்கு ஜோர்ஜ் புரூன்ஸ் மெட்டமைத்தார். சொல் எழுதிய எக்ஸ் அடென்சியோ பாட்டெழுதுபவர் இல்லை, சித்திரம் வரைபவர். அதிலும் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியாக நிற்கும். எதை முதலில் கேட்டாலும் பாதகமில்லை. ஆனால் அதைத் திருகோணமலையில் ஒரு பிள்ளைக்குத் தெரிய வைத்தது சவாரி இல்லை, 2003இல் வந்த 'பைரேட்ஸ் ஒஃப் த கரீபியன்' படம். படத்திலும் அந்தப் பாட்டு வருகிறது. அந்தப் படத்தில் வரும் ஜாக் ஸ்பாரோவைத் தெரிந்தவர்களுக்கெல்லாம், எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே அந்தப் பாட்டும் தெரியும்.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். அமெரிக்காவின் சிக்ஸ் ஃபிளாக்ஸ் பூங்காக்கள் 2004இல் ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டன. கோட் சூட் போட்ட வயதானவர் ஒருவர் பஸ்ஸிலிருந்து இறங்கித் துள்ளி ஆடுவார். பின்னால் ஓடியது, வெங்காபோய்ஸ் என்ற குழு 1998இல் வெளியிட்ட நடனப் பாட்டு. பூங்காவுக்காக எழுதியதே இல்லை. ஆனால் விளம்பரத்துக்குப் பிறகு அமெரிக்காவில் பலருக்கு அது பூங்காப் பாட்டாகிவிட்டது. நம் ஊரில் பேத்தோவன் பாண்காரர் ஆனதும் இதே கதைதான். மெட்டுக்கு ஒரு வேலை கொடுத்து, அந்த வேலையை நாள்தோறும் செய்ய வைத்தால், ஊர் அதை அந்த வேலையின் பெயரால் கூப்பிடத் தொடங்கிவிடும்.

இதையெல்லாம் மருமகளுக்குச் சொன்னபோது எனக்கே ஒன்று தோன்றியது. திருஞானசம்பந்தர் நம் கோணேசர் மேல் பாடிய பதிகம் பாட்டுக்குப் பாட்டு "கோணமாமலை அமர்ந்தாரே" என்று வந்து நிற்கும். பதிகத்தின் பெருமையைப் பூங்காப் பாட்டோடு வைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் வழியைப் பாருங்கள். இடத்தின் பெயரிலேயே முடியும் ஒரு அடி. பாடத் தெரியாதவரும் அந்த இடத்தில் சேர்ந்துகொள்ளலாம். சம்பந்தர் இங்கே வராமல், இராமேச்சரத்தில் இருந்தபடியே இதைப் பாடினார் என்பது மரபு. ஆயிரத்து முந்நூறு வருடத்துக்கு மேலாக அதைச் சுமந்து வந்தவர்கள் ஓதுவார்களும் கோயிலும் வீட்டுப் பூசையறைகளும். கோணேசர் கோயில் நிற்கும் பாறையை ஒருநாளும் பார்க்காத தமிழ்நாட்டுப் பிள்ளைக்கும் கோணமாமலை தெரிந்தது அப்படித்தான்.

நாங்கள் செய்து பார்த்தது

கேட்டதைச் செய்து பார்க்காமல் மருமகள் விடமாட்டாள். வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து, நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுக்கு ஒரு பாட்டுக் கட்டுவோம் என்றாள்.

முதல் தடவை நான் எழுதிக் கொடுத்தது சரிவரவில்லை. புறாக்கள் வந்த கதை, பவளப்பாறை, சுறாக்குட்டி என்று எட்டுக் கண்ணி. வரிசை தவறினால் கதை புரியாது. நடுவில் வந்து உட்கார்ந்த பிள்ளைகள் வாயைத் திறக்கவே இல்லை. அப்போது மருமகள், "மாமி, இது மேடைக்கு எழுதினது. படகுக்கு எழுதினது இல்லை" என்றாள். சரியாகச் சொன்னாள்.

இரண்டாவதில் கதையை எடுத்துவிட்டோம். "அலை வருகுது, அலை வருகுது, புறாத்தீவு வருகுது" என்று ஒரே ஒரு அடி. அதே அச்சு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு படி மேலே, நான்காவதில் இறக்கம். "வருகுது" என்ற இடத்தில் எல்லோரும் படகின் விளிம்பைத் தட்ட வேண்டும். சொல் தெரியாத பிள்ளை தட்டினால் போதும். அடுத்த அடியில் தீவுக்குப் பதில் ஆமை வரும், பிறகு மீன் வரும், பிறகு யார் எதைப் பார்த்தார்களோ அது வரும்.

சனிக்கிழமை காலை, காற்று கிளம்புவதற்கு முன்பு, பிள்ளைகள் பத்துப் பேரும் நானுமாகப் படகில் போனோம். தீவை அடையும்போது மிகச் சின்னவன், நான்கு வயது, விளிம்பைத் தட்டிக்கொண்டு "நண்டு வருகுது" என்று தானாகச் சேர்த்தான். திரும்பி வரும்போது எல்லோரும் அதைத்தான் பாடினார்கள். படகுக்காரத் தம்பியும் இரண்டு தடவை தட்டினார்.

இப்போது ஒரு மாதமாகிறது. பிள்ளைகள் வகுப்புக்கு வரும்போதும் போகும்போதும் அதைப் பாடுகிறார்கள். எனக்கும் சமைக்கும்போது வருகிறது. ஒழுங்கைக்கு வெளியே இன்னும் யாருக்கும் தெரியாது. மருமகள் நேற்று அதைப் பதிவு செய்து ரொறன்ரோவுக்கு அனுப்பியிருக்கிறாள்.